ஊசி டப்பாவில் எட்டு மாத்திரை

காலையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு நான் மாடிப்படி ஏறினால் எனக்குப் பின்னால் ஓர் ஊர்வலம் சேர்ந்துவிடுகிறது. மொத்தம் பத்தொன்பது படிகள். ஏழாவது படியில் மூச்சு வாங்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பால் பாக்கெட்டின் தேதியைப் படிக்கிறவன்போல நிற்பேன். அதற்குள் இரவு ஷிப்ட் முடித்து வரும் பீகார்க்காரர்கள் இரண்டு பேர், பூ வாங்கித் திரும்பும் வீட்டுக்கார அம்மா, தண்ணீர் கேன் தூக்கிய எதிர்வீட்டுக்காரர் என்று நாலைந்து பேர் கீழே வரிசையாக நின்றுவிடுவார்கள். படி ஒன்றும் குறுகலானதல்ல, ஒதுங்கித் தாராளமாகப் போகலாம். ஆனால் ஒருவரும் முந்துவதில்லை, ஒருவரும் பேசுவதில்லை. நான் நின்றால் ஊர்வலம் நிற்கும். நான் ஒரு படி வைத்தால் அதுவும் ஒரு படி வைக்கும். திரும்பிப் பார்த்தால் வீட்டுக்கார அம்மா, "நீங்க மெதுவா போங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க" என்பார். இப்படி ஊரே சத்தமில்லாமல் பின்னால் வரும்போது முன்னால் போகிறவர் வழக்கமாக நடந்து போவதில்லை என்ற நினைப்பு எனக்கு அப்போதுதான் வரும். அடங்கிய மூச்சு மறுபடி வாங்க ஆரம்பிக்கும்.

உடன்குடிப் பக்கத்தில் எங்கள் ஊராக இருந்தால் இந்த மரியாதை கிடைத்திருக்காது. "ஏல, வழியில என்ன செலை மாதிரி நிக்க? ஏறுதியா, எறங்குதியா?" என்று ஒரு சத்தம் வரும். அடுத்த நிமிடம் அதே ஆள் என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மாடியில் போட்டுவிட்டு, "செத்த கனமாலே இருக்க" என்று திட்டிக்கொண்டே இறங்கிப் போவான். இரண்டில் எது தேவலை என்று இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியவில்லை. நான் இருப்பது அவிநாசிபாளையத்தில். ஊருக்குப் போனால், அவிநாசி வேறு, அவிநாசிபாளையம் வேறு என்று விளக்கி அலுத்துப்போய், "திருப்பூர்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். வேலை, பனியன் துணி பின்னும் வட்ட மெஷின்களுக்குப் பிட்டர். ஓட்டுகிறவன் இல்லை, ஓடாதபோது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கிறவன். நாலு மாதத்துக்கு முன்னால் என் நெஞ்சே ஓடாமல் நின்று பார்த்தது. அந்தக் கோளாறை நானே கண்டுபிடித்துச் சரிசெய்கிறேன் என்று கிளம்பிய கதையைத்தான் ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போலத் தெற்கிலிருந்து வந்து இங்கே பஞ்சுத்தூசி சுவாசிக்கிறவர்களுக்கும் எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். மாத்திரையை மட்டும் சாப்பிட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். ஆறாம் நம்பர் மெஷினுக்கு அடியில் படுத்துக்கிடந்தேன். நூல் மூட்டை ஒன்றை யாரோ நெஞ்சின்மேல் இறக்கி வைத்ததுபோல ஒரு பாரம். கேஸ் என்று தீர்ப்புச் சொன்னேன். நம் ஊர்க்காரர்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் கேஸ்தான். கேஸ் என்று நம்பியே கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் ஒரு வரிசை இருக்கிறார்கள். பன்னீர் சோடா வரவழைத்துக் குடித்தேன். ஏப்பம் வந்தது. "பாத்தியளா, போயிட்டு" என்று சுற்றி நின்றவர்களுக்கு அறிவித்தேன். அறிவித்துக்கொண்டிருக்கும்போதே இடது கை வேறு யாருடையதோபோல ஆகிவிட்டது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது.

மேனேஜர் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க பிட்டர், நம்ம கார்ல ஏறுங்க. சித்தே போயிட்டு வந்தர்லாங்க" என்றார்.

"எங்க?"

"சும்மாதானுங்க. பக்கத்துலதானுங்க."

ஏதோ கம்பெனியில் மெஷின் பார்க்கக் கூட்டிப்போகிறார் என்று சத்தியமாக நினைத்தேன். பாதி வழியில், "ஸ்பேனர் செட்ட எடுக்காம வந்துட்டேனே" என்றேன். "வேண்டாமுங்க. எல்லாம் அங்கயே இருக்குமுங்க" என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்றவர்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. எல்லாக் கருவியும் அங்கேயே இருந்தது. நம் ஊராக இருந்தால் காரில் என்னோடு ஆறு பேர் ஏறி, ஆறு பேரும் அழுது, அந்தப் பயத்திலேயே நான் பாதி வழியில் முடிந்திருப்பேன். இந்த ஊர் மரியாதை அன்று என்னைக் காப்பாற்றியதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாராவது "சும்மாதானுங்க" என்றால் என் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறது.

ரத்தக் குழாய்க்குள் ஒரு சின்னக் கம்பி வலை வைத்தார்கள். ஸ்டெண்ட் என்கிறார்கள். படத்தில் காட்டினார் டாக்டர் அம்மா. எங்கள் மெஷினிலிருந்து இறங்கும் துணியைப் போலவே குழாயாக, கண்ணி கண்ணியாக இருந்தது. "பின்னல் நல்லா இருக்கு. யாரு பிட்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வலை வைத்ததோடு முடியும் என்று நினைத்திருந்தேன். மாத்திரைகளோடுதான் கதை ஆரம்பித்தது. அவற்றின் பெயர்கள் என் வாயில் நுழையாததால் நிறத்தை வைத்துக் கூப்பிடுகிறேன். சின்ன வெள்ளை, இதயத்தை நிதானமாக ஓட்டுவதற்கு. ரோஸ், வலைக்குள் ரத்தம் கட்டாமல் இருப்பதற்கு. மஞ்சள், ரோஸுக்குத் துணை. ஒரு கேப்சூல் ரத்த அழுத்தத்துக்கு, ஒரு நீள மாத்திரை கொழுப்புக்கு. இவை போக, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒன்று. அது எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பது என் மனைவி எஸ்தரின் சட்டம். எஸ்தர் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். தைத்த பனியனில் கடுகளவு கறை இருந்தாலும் விரலால் தொட்டுக் காட்டி ஒதுக்கிவிடுகிற கண். அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் நான் தினமும் வாய் திறந்து மாத்திரை விழுங்க வேண்டும்.

களைப்பு என்று நான் சொல்வது வேலை செய்து வருகிற களைப்பு இல்லை. அதில் ஒரு நியாயம் இருக்கும். இது தூங்கி எழும்போதே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சட்டையில் மூன்று பொத்தான் போட்டதும் உட்காரத் தோன்றும். ஈரத்துண்டைப் பிழிந்தால் அன்றைய பலம் தீர்ந்துபோகும். குனிந்து நிமிர்ந்தால் மெஷின்கள் எல்லாம் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றும். ராத்திரி கெண்டைக்கால் வலி, பகலில் வறட்டு இருமல், பல் தேய்த்தால் ரத்தம், எங்கே இடித்தேன் என்றே தெரியாத இடத்தில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போன தோல். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், ஒன்றைத் தவிர. நான் ஒரு வேடிக்கைக் கதை ஆரம்பித்தால் முடிவுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. கேட்பவர் சிரிக்க வேண்டிய இடத்தில் என் முதுகைத் தடவுகிறார்.

பயம் வேறு. எங்கள் மெஷின் நிமிடத்துக்கு இருபத்தைந்து சுற்று ஓடும். என் நாடி ஐம்பதுக்கு இறங்கியிருந்தது. மெஷின் ஒரு சுற்று, நெஞ்சு இரண்டு அடி. இதை எண்ணிக்கொண்டே நிற்பேன். இரண்டாவது அடி கொஞ்சம் தாமதித்தால் குடும்பத்துக்கு மனத்துக்குள் கடைசி வார்த்தை சொல்லி, சவப்பெட்டிக்கு என் உயரத்தையும் சொல்லி முடித்திருப்பேன். அதற்குள் அது அடித்துவிடும். வீட்டிலும் இதே வேலை. "அந்தக் கைய விடுங்க. நாடி எங்கயும் ஓடிப் போயிராது" என்பாள் எஸ்தர். "ஓடாமப் போயிட்டா?" என்பேன். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

இத்தனை இருந்தும் ஆறாவது வாரம் டாக்டர் அம்மா, "களைப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா. "களைப்பா? இன்னும் ரெண்டு வலை வச்சாலும் தாங்கும் டாக்டர்" என்றேன். நர்ஸ் சிரித்தது. சிரிப்பு வந்துவிட்டால் எனக்குப் போதும். டாக்டர் அம்மா எதையோ எழுதிக்கொண்டார், அதே மாத்திரைகளைத் தொடரச் சொன்னார், நான் ராஜா மாதிரி வெளியே வந்து, ஆட்டோ ஸ்டாண்டு வரை நடக்க முடியாமல் மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

ஊரிலிருந்து அண்ணன் சாமுவேல் ஞாயிறுதோறும் போன் செய்து திட்டுவார். "ஏல, அந்தப் பஞ்சுக்குள்ளயே கெடந்து சாவப் போறியா? கோட்டி புடிச்சிருக்காலே ஒனக்கு? மாடில ரூம் சும்மாதான் கெடக்கு. ரெண்டு பேரும் கெளம்பி வாங்க." எனக்கு அந்த மாடி அறை பிடிக்கும். அதில் போய் உட்கார்ந்தால் அண்ணன் சோறு போடுவார் என்பதும் தெரியும். ஆனால் அந்த அறையில் நான் யார்? இங்கே நான் பிட்டர். கோளாறு வந்தால் கூப்பிடுகிற ஆள். அங்கே நானே ஒரு கோளாறு. கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

எட்டாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். அரை நாள், கனம் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது. மேனேஜர் மிகவும் பிரியமாகப் பேசினார். "உங்களுக்கு ஒத்தாசைக்குனு ஒரு பிட்டரப் பாத்து வச்சிருக்கறமுங்க. அடுத்த மாசம் வர்றாருங்க. நீங்க ஒண்ணும் நெனச்சுக்கப்படாதுங்க." நான் ஒன்றும் நினைக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒத்தாசைக்கு வருகிறவர் ஏணி ஏறுவார், கனம் தூக்குவார். நான் அவருக்கு வழிகாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். பிறகு ஒருநாள் ஸ்டூலும் உடன்குடிக்குப் போகும். அந்த மாதம் முடிவதற்குள் பழைய கால்களும் மூச்சும் எனக்குத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அந்த வாரமே ஊசி மாற்றும்போது விரலில் லேசாகக் குத்தியது. இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரம் தடவை குத்தியிருக்கும். வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அன்று மெஷினை மறுபடி ஓட்டிய பிறகும் ரத்தம் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு, சுற்றி வந்து இன்னொரு சொட்டு. துணியை வெட்டி எடுத்துப் போடவேண்டியதாயிற்று. யாரும் திட்டவில்லை. "ஆகட்டுமுங்க, துணிதானுங்களே" என்றார்கள். அது திட்டுவதைவிட மோசம்.

இங்கே எங்கள் வேலையைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். வட்ட மெஷினில் இரண்டாயிரத்துக்கு மேல் ஊசிகள் நிற்கும். அதில் ஒன்றே ஒன்று வளைந்தாலும் துணி நெடுக ஒரு கோடு விழும். எந்த ஊசி என்று சந்தேகம் வந்தால், சந்தேகப்பட்டதை உருவிவிட்டு வேறொன்றைப் போட்டு ஓட்டிப் பார்ப்போம். கோடு போய்விட்டால் அதுதான் குற்றவாளி. போகவில்லையென்றால் அடுத்த ஊசி. உருவிய ஊசியைத் தூக்கி எறிய மாட்டோம். தேதி எழுதி ஒரு டப்பாவில் போட்டுவைப்போம். பழையதைக் காட்டினால்தான் ஸ்டோரில் புதியது தருவார்கள். பிட்டரின் புத்தி இந்தத் தடத்தில் ஓடியே தேய்ந்தது. என் உடம்பிலும் ஒரு கோடு விழுந்திருக்கிறது. ஐந்து மாத்திரை. அதில் எது என்று கண்டுபிடிக்க முடியாதவன் என்ன பிட்டர்? ஆளுக்கு நாலு நாள் என்று திட்டம் போட்டேன். நல்ல யோசனை என்று எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன். டாக்டரிடம் சொல்லலாமே என்று கேட்பீர்கள். கோளாறு எது என்று தெரியாமல் முதலாளி முன்னால் போய் நிற்கிற பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது.

காலை டிபனைக் கம்பெனியில் சாப்பிடுவதால் மாத்திரையும் டிபன் டப்பாவோடு வரும். எஸ்தர் கண் அங்கே எட்டாது. முதல் நாலு நாள் சின்ன வெள்ளையை எடுத்து ஊசி டப்பாவில் போட்டேன், தேதியோடு. இரண்டாம் நாள் உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. மூன்றாம் நாள் பால் பாக்கெட்டோடு பத்தொன்பது படியையும் ஒரே மூச்சில் ஏறி, மேலே நின்று கீழே பார்த்தேன். ஊர்வலம் வாயைப் பிளந்து நின்றது. நாலாம் நாள் நெஞ்சு பெல்ட் தளர்ந்த மோட்டார்போலத் தடதடவென்று அடித்தது. பயந்துபோய் வெள்ளையை மறுபடி போட்டுக்கொண்டேன். ஆனாலும் மனத்தில் ஒரு வெற்றி. களைப்புக்கு வெள்ளை காரணம். ஒரு குற்றவாளி பிடிபட்டான். ரத்தம் நிற்காததற்கு யார் என்று தெரிந்துவிட்டால் முழு அறிக்கையோடு டாக்டரிடம் போகலாம்.

ஒரு வாரம் விட்டு, வெள்ளிக்கிழமை ரோஸில் கை வைத்தேன். அதுதான் வலைக்குள் ரத்தம் கட்டாமல் காவல் நிற்கிறது என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். நாலு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். வெள்ளி, சனி இரண்டும் டப்பாவுக்குப் போயின. ஞாயிறு வீட்டில் எஸ்தரே மாத்திரையைக் கையில் கொடுத்தாள். வாயில் போடுவதுபோலப் போட்டு, ரோஸை விரலிடுக்கில் நிறுத்தி, சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு ஆலயத்துக்குப் போனேன். திருவிருந்து ஆராதனை, அப்பமும் திராட்சை ரசமும் தருகிற நாள். வெயில், கூட்டம், வெள்ளைச் சட்டை. திரும்பி பஸ்ஸுக்கு நிற்கும்போது எஸ்தர் என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"இது என்ன கறை?"

"திராட்ச ரசம். குடிக்கும்போது சிந்திட்டு."

அவள் கறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். செக்கிங் மேஜையில் அவள் இப்படித்தான் ஒரு கணம் நிற்பாள் என்று அவளோடு வேலை செய்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிறகுதான் ஒதுக்குவாளாம்.

திங்கள் காலை, சட்டைப்பையில் பாதி கரைந்திருந்த ஞாயிற்றுக்கிழமை ரோஸையும் அன்றைய ரோஸையும் டப்பாவில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். பத்து மணிக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. பழைய மூட்டை அளவுக்கு இல்லை. அதன் பிள்ளை என்று சொல்லலாம். கேஸாக இருக்கும். இல்லையென்றால் பயமாக இருக்கும். நாடியை எண்ணினேன், எண்ணிக்கை தப்பியது, மறுபடி எண்ணினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொன்னால் டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டப்பாவைப் பற்றிச் சொன்னால் புது பிட்டர் அடுத்த மாதம்வரை காத்திருக்க மாட்டார், நாளைக்கே வந்துவிடுவார். இன்று ஒருநாள் ஓட்டிவிட்டால் நாலாம் நாள் முடிந்துவிடும். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு நெஞ்சைத் தடவியபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவனுக்கு வயது நாற்பத்தொன்பது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

ஆறாம் நம்பர் மெஷின் நின்றது. அதை ஓட்டுகிற சின்னச்சாமி என்னை நோக்கி வந்தார். பொங்கலூர்க்காரர், என் வயது. இருபது வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தும் என்னை ஒருமையில் பேசியதில்லை. ஒரு தடவை நான் அவர் காலை மிதித்ததற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் கையில் என் ஊசி டப்பா திறந்திருந்தது.

"ஏனுங்க பிட்டர், இது என்ன ஊசிங்க?"

"புது மாடல்" என்றேன்.

"வெள்ள நாலு, ரோசு நாலு. தேதி வேற எழுதியிருக்கறீங்க."

"ட்ரையல் பாக்கேன். எந்த ஊசி கோளாறுன்னு."

"இன்னைக்கு ரோசு போட்டீங்களா?"

"இல்ல."

"நேத்து?"

நான் நெஞ்சைத் தடவிக்கொண்டேன். என் கை இருந்த இடத்தை அவர் பார்த்தார்.

"நெஞ்சு வலிக்குதுங்களா?"

"சும்மா கேஸுதான். ஒரு சோடா அடிச்சா..."

"டே, வாய மூடு" என்றார் சின்னச்சாமி.

ஹாலில் மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "கெரகம் புடிச்சவனே. மெஷின்ல ஊசி உருவோணும்னா மொதல்ல என்ன பண்ணுவ? மெஷின நிறுத்துவீல்ல? ஓடற மெஷின்ல கைய உட்டு எவனாச்சும் ஊசியப் புடுங்குவானா? இத நிறுத்திப்போட்டு மாத்த முடியுமா உன்னால?" என்று என் நெஞ்சில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். பிறகு அதே கையால் என் சட்டைப்பையைத் துழாவி, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்து, "வாயத் தொற" என்றார். திறந்தேன். இருபத்திரண்டு வருடம் பிட்டராக இருந்தும் அந்த ஒரு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஊசி மாற்ற வேண்டுமானால் மெஷின் நிற்க வேண்டும்.

கம்பெனி வேனில் போகும்போது மாத்திரை கரைந்து தலை இரண்டாகப் பிளந்தது. அதுவும் ஒரு பக்கவிளைவுதான். நெஞ்சிலிருந்த பாரம் கொஞ்சம் நகர்ந்தது. சின்னச்சாமி வாயை மூடவில்லை. என் அறிவு, என் ஊர், எனக்கு வேலை கொடுத்தவன், எனக்குப் பெண் கொடுத்தவன் என்று ஒருவரையும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள். அதுவரை படுத்திருக்க வேண்டும். திரையின் ஒரு பக்கம் பீப் சத்தம், மறுபக்கம் ஸ்டூலில் சின்னச்சாமி, மடியில் ஊசி டப்பா. போலீஸ்காரர் திருட்டுச் சாமானைக் காவல் காப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

எஸ்தர் கம்பெனியிலிருந்து நேராக வந்தாள். சேலையெல்லாம் வெட்டிய நூல் துணுக்கு. "திராட்ச ரசம் என்ன கலர்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அவ்வளவுதான். திங்கள் காலையிலேயே அவள் சின்னச்சாமிக்குப் போன் செய்து, என் சாமான்களை ஒருதரம் பார்க்கச் சொன்ன விஷயம் அப்போதுதான் தெரிந்தது. நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று பார்த்தேன். இரண்டு மூன்று வரிகூட மனத்தில் வந்தன. அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அந்தச் சில மணி நேரம்போல ஒன்றை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதற்கும் என் நாடிக்கும் ஏதோ பந்தம் இருப்பதுபோல, அது நின்றால் இது நிற்கும் என்பதுபோல, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. டாக்டர் அம்மா சின்னச்சாமியிடமிருந்து டப்பாவை வாங்கிப் பார்த்தார். தேதிகளைப் படித்தார்.

"களைப்பு இருக்குதுங்களான்னு கேட்டேனுங்களே. ஒண்ணுமில்லைன்னீங்க."

"தமாசுக்குச் சொன்னேன் டாக்டர்."

"சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனுங்க" என்றார். வெள்ளையைப் பாதியாக்கி ராத்திரிக்குத் தள்ளினார். இருமலுக்குக் கேப்சூல்தான் காரணமாக இருக்கும் என்று அதற்குப் பதில் வேறொன்று எழுதினார். கால் வலிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம். நான் இரண்டு வாரமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு ரோஸ் மாத்திரையை விரல் நுனியில் எடுத்துக் காட்டினார். "இத மட்டும் ஒரு வருசத்துக்கு நீங்களும் தொடக் கூடாது, நானும் தொட மாட்டேன். வலை புதுசுங்க. இந்த நாலு நாள் தப்பிச்சது உங்க சாமர்த்தியமில்லீங்க." இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

புது பிட்டர் வந்துவிட்டார். நல்ல மனிதர், ஏணி ஏறுகிறார். நான் கோட்டைப் பார்த்து ஊசியைச் சொல்கிறேன், அவர் உருவுகிறார். எத்தனை மாதம் இப்படி என்று எனக்குத் தெரியாது, மேனேஜர் சொல்லவும் மாட்டார். களைப்பு போகவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. தினமும் காலை டிபன் முடிந்ததும் சின்னச்சாமி என் முன்னால் வந்து நிற்பார். "போட்டியா?" "போட்டாச்சு." "நாக்க நீட்டு." நீட்டுகிறேன். ஹாலில் எல்லோரும் பார்க்கிறார்கள். மற்றவர்களிடம் பழைய மரியாதை அப்படியே இருக்கிறது. என்னிடம் மட்டும்தான் அவர் அதைக் கழற்றிவைத்துவிட்டார். அவர் திட்டும்போது, கண்ணை மூடினால், நான் எங்கே நிற்கிறேன் என்று சில நேரம் குழம்பிப்போகிறது.

அந்த வாரம் அண்ணனுக்கு எஸ்தர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது காதை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் வரவில்லை. "சரிப்பா" என்றார் அண்ணன். "நீங்க ரெண்டு பேரும் அங்கயே இருங்க. ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு. பாத்துக்க ஆளும் இருக்கு. இங்க ஒண்ணுன்னா வண்டி புடிச்சுல்லா போணும்."

"மாடி ரூமு?"

"அது கெடக்கு. நான் சும்மாதான் வரச் சொன்னேன்."

என் வலது கை மணிக்கட்டுக்குப் போயிற்று. நாற்பத்தொன்பது வருடத்தில் அண்ணன் என்னை 'லே' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. விருந்தாளியிடம் பேசுவதுபோல இருந்தது. போகப்போவதில்லை என்று நானே முடிவு செய்து வைத்திருந்த இடம்தான். ஆனால் அங்கிருந்து மரியாதை வந்ததும் தாங்கவில்லை.

இரண்டு ஞாயிறு அவர் கூப்பிடவே இல்லை. மூன்றாவது ஞாயிறு, "அந்த நாக்குக்கு அடியில வைக்குற மாத்திர பேரு என்ன?" என்று கேட்டார். எதற்கு என்றேன். சும்மாதான் என்றார். அட்டையைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொன்னேன். மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பிரிட்ஜின் மேல், வேதாகமத்துக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில், ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அதற்குள் அந்த மாத்திரை அட்டை. மூடியில் மார்க்கர் பேனாவால் என் பெயர். பின்னாலேயே அவர் குரல் வந்தது: "நீ வந்தா வேணும்லாலே. மாடிக்குப் பன்னெண்டு படிதான். எண்ணிட்டேன்."

இப்போதும் காலையில் பால் வாங்கப் போகிறேன். ஏழாவது படியில் நிற்கிறேன். பால் பாக்கெட்டின் தேதியை இப்போது படிப்பதில்லை. சட்டைப்பையில் இருக்கிற அட்டையின் தேதியைப் பார்க்கிறேன். அடுத்த வருடம்வரை செல்லும். உடன்குடியில் பிரிட்ஜ் மேல் இருப்பதும் அதே மாதம்தான் முடிகிறது, கேட்டு வைத்திருக்கிறேன். ஏழு போக இங்கே மேலே இன்னும் பன்னிரண்டு படி இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டு நிற்கிறேன். பின்னால் ஊர்வலம் சத்தமில்லாமல் காத்திருக்கிறது.